யார் மேலும் கை வைக்க விடாத மாஸ்டர்

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை ஒன்றில் நான் லைன் வேலை பார்த்த நாட்களில், ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் மாஸ்டர் காலை யோகா வகுப்பு நடத்தினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒல்லி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். மூச்சு ஏறி இறங்கும் வயிற்றைத்தான் பார்ப்பார்.

யோகா ஆசிரியராகிவிட்டால் ஷிப்ட் வேலையை விட்டுவிடலாம் என்று அவரிடம் சேர்ந்தேன். ஒரு வருஷம் ஆகியும், ஆசனத்தைத் திருத்தக்கூட யார் மேலும் கை வைக்க விடவில்லை. மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் மூச்சைக் கவனிக்கச் சொன்னார், அவ்வளவுதான். வேறு இடங்களில் ஒரே மாதத்தில் சர்டிபிகேட் கொடுத்தார்கள். இந்த ஆளுக்கே ஒன்றும் தெரியாதோ, இல்லை நான் போட்டிக்கு வந்துவிடுவேன் என்று பயமோ?

அவருக்குத் தெரியாமல் என் அறைத் தோழனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். குனிந்திருந்தவன் முதுகை அழுத்தியதும் அலறிவிட்டான். ஒரு வாரம் அவனால் நிமிர முடியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மாஸ்டர் அறைக்கே வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். படுத்திருந்தவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அழுத்தசொல்ல, அப்போ அவன் மூச்சு இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

"கவனிக்கலை மாஸ்டர்."

"இனிமே கவனிப்பீங்க. நாளைக்கு நீங்களே க்ளாஸ் எடுங்க."

எடுத்தேன். அவர் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை; ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் ஒரு தப்பு செய்யட்டும் என்றுதான் அந்த வருஷம் முழுக்கக் காத்திருந்தாரா? இல்லை, ஊரைவிட்டுப் போகும்போது வகுப்பைத் தலையில் கட்டிவிட ஓர் ஆள் வேண்டியிருந்ததா? அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.