அண்ணி சோறு போடாத நாள்

பிரான்சின் துலோன் நகரில் எங்கள் அடுப்பருகே ஒரு சின்னத் தராசு இருக்கிறது. அரிசியை அதில் நிறுத்துப் பார்த்த பிறகே உலையில் போடுகிறேன். காரைக்காலில் கைக்கு வந்த அளவில் ஆக்கிப் பழகிய எனக்கு இது இன்றும் கூச்சமாகவே இருக்கிறது. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியில் உணவு பற்றிச் சொல்லும் பெண்மணி ஒரு வெறும் தட்டை மேசையில் வைத்து விரலால் கோடு கிழித்துக் காட்டினாள். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும். மீதியில் ஒரு பங்கு மீனோ பருப்போ, இன்னொரு பங்கு தவிடு போகாத அரிசி. எண்ணெயும் கொஞ்சம் வேண்டும், அடியோடு ஒதுக்கக் கூடாது. டப்பாவில் அடைத்தது எதுவும் வேண்டாம். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் அன்று அரிசியை விட்டுவிடவே கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் கணவருடைய அக்கா வீட்டில் தங்கினோம். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர்; நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே தம்பியின் இலையில் சோற்றைக் குவித்தார். நான் பாதியை எடுத்தேன்.

"என்னடி இது, கோழிக்குப் போடுற மாதிரி? பிரான்சுல அரிசியே கெடைக்கலயா?"

"அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு அண்ணி. சோறு கூடுனா ஒடம்புக்கு ஆகாது. மீனும் கீரையும் கூட வைங்க."

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் கணவரின் இலைக்கு மேல் எங்கள் இருவர் கைகளும் முட்டிக்கொண்டன. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அண்ணி என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை கணவருக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, என் தாய்வீட்டைப் பார்க்கக் குரும்பகரம் போனேன். பிற்பகலில் திரும்பினால் வாசலிலேயே அண்ணியின் அலறல். உள்ளே கணவர் நாற்காலியில் சரிந்திருந்தார். சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது, கைகள் நடுங்கின. பிரெஞ்சு தெரியாத அக்காவிடம் பிரெஞ்சில் குழறிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டாங்க?"

"நீ சொன்னபடிதான். மீனும் முருங்கக்கீரையும். ஒரு பருக்கை சோறு போடல."

அடுக்களைக்கு ஓடி டம்ளரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கரைத்தேன். அண்ணி நிலைப்படியை மறித்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சர்க்கர வியாதிக்காரனுக்குச் சர்க்கரையா? என் தம்பியக் கொல்லப் பாக்குறியா?"

"விடுங்க அண்ணி! ஊசி சர்க்கரைய அடியோட எறக்கிடுச்சு. சோறும் உள்ள போகல. மயங்கிட்டா முழுங்க முடியாது, அப்பறம் ஒண்ணும் செய்ய முடியாது!"

அண்ணியின் பிடி இறுகியது. வயல் வேலை பார்த்த கை. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. தம்பியின் தலை தொங்குவதைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியில்தான் கை தளர்ந்தது. டம்ளரைக் கணவர் உதட்டில் வைத்தேன். பாதி மார்பில் வழிந்தது, பாதியை விழுங்கினார். ஆளுக்கொரு பக்கம் தரையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. மெல்ல அவர் கண்கள் நிலைத்தன.

"தண்ணி ஏன் இனிக்குது?" என்றார், தமிழில்.

அண்ணி வாய்விட்டு அழுதார். பிறகு தானே எழுந்து போய்ச் சோற்றுப் பானையைக் கொண்டுவந்தார். அகப்பையைக் கையில் எடுத்தார்.

"எவ்வளவு போடணும், நீயே சொல்லு கமலா."

அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையுமாகப் போட்டோம். விடுமுறையின் மீதி நாளெல்லாம் அண்ணிக்குக் கேள்விதான். கொழம்புக்குத் தேங்கா அரைக்கலாமா, பயறு அவிச்சா சோத்தக் கொறைக்கணுமா, நல்லெண்ண எவ்வளவு ஊத்தணும் என்று.

துலோன் திரும்பியதும் ஆஸ்பத்திரியின் அந்த உணவுப் பெண்மணியிடம் போனோம். "ஷே வூ என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாள். அந்தச் சொல்லுக்கு உங்கள் வீட்டில் என்றும் பொருள், உங்கள் நாட்டில் என்றும் பொருள். எதைக் கேட்கிறீர்கள் என்றேன். எனக்குப் பிரெஞ்சு புரியவில்லை என்று எண்ணி அதையே இன்னும் உரக்க, இன்னும் மெதுவாகச் சொன்னாள். "ஷே... வூ." கணவர் ஊரை நினைத்து முருங்கைக்கீரை என்றார். அதே மூச்சில் நான், துலோன் வீட்டில் அன்று காலை தின்ற ரொட்டியைச் சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு இரண்டையும் எழுதிக்கொண்டாள்.