பெண் பார்க்கப் போன மில் சூப்பர்வைசர்

நான் எந்த மில்லிலும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனாலும் தொண்ணூறுகளில் கொடுமுடிக்குப் பெண் பார்க்கப் போனபோது, மில்லில் சூப்பர்வைசர் என்று கூசாமல் சொன்னேன். உண்மையில் கல்யாண ரிசப்ஷன்களில் மிமிக்ரி செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் பெண் கிடைக்காது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

"எந்த மில்லுங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

போத்தனூரில் என் வீட்டுக்குப் பக்கத்து மில்லைச் சொன்னேன். அவருடைய தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் அங்கதானுங்க. நீங்க எந்த டிபார்ட்மென்ட்டுங்க?"

அந்த மில்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்குச் சத்தம் மட்டும்தான். வேறொன்றும் தோன்றாமல் அதையே வாயால் ஊதிக் காட்டினேன்.

"அப்படியே நம்ம மில்லு சங்குங்க" என்று தம்பி சிரித்தார். வீடே சிரித்தது. அந்தத் தைரியத்தில் என் தொழிலைச் சொல்லிவிட்டேன்.

"இதுக்கு எதுக்குங்க பொய்யி?" என்றார் அப்பா. கோபம்கூட இல்லை.

கிளம்பும்போது பெண் வாசலுக்கு வந்தாள்.

"மிமிக்ரி பண்றது எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்க தொழில சொல்ல உங்களுக்கே கூச்சமா இருந்தா, நாலு பேருகிட்ட நான் என்னன்னுங்க சொல்றது? எனக்கு வேண்டாமுங்க."