மருந்து ரூம் கதவு

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. என் வீட்டுக்காரர் நடந்து வருவார், இடது கால் செருப்பு பின்னால் கிடக்கும். கழன்றதே அவருக்குத் தெரியாது. செருப்பு தொளதொளத்துவிட்டது என்று புதுசு வாங்கினோம்.

அடுத்த வாரம் காலையில் குளியலறையில் விழுந்துவிட்டார். தாழ்ப்பாள் போடவில்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு, அதன்மேலேயே சாய்ந்து கிடந்தார். நான் தள்ளத் தள்ள முனகினார். தள்ளினால் அவருக்கு வலிக்கிறது, தள்ளாவிட்டால் உயிர் போய்விடுமோ என்று பயம். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பிளாஸ்டிக் கதவின் கீழ்ப்பாதியை அறுத்த பிறகுதான் வெளியே இழுத்தோம்.

ஆஸ்பத்திரியில், பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, உடம்பில் ஒரு பக்கம் விழுந்துவிடுவது) என்றார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரக்கணக்கு உண்டாம். ஊசி போட்டார்கள், ஓரளவு கேட்டது. வாய் கொஞ்சம் கோணலாகவே நின்றது, இடது கை சரியாகத் திரும்பவே இல்லை.

"கதவுல போன நேரந்தான் அந்தக் கையைக் கொண்டுபோயிருச்சா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. மருந்தை மட்டும் நிறுத்திராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் கதவால்தான் சண்டை.

"கதவே வேண்டாம். சேலையத் தொங்கவிட்டுட்டு நான் பக்கத்துலயே நிக்கேன்."

"நான் என்ன கைப்பிள்ளையா? கதவு இல்லாம உள்ள போகமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார். உதடு காய்ந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. நான் அங்கே பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவள். எங்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்து. வேலைக்குத் திரும்பிய அன்று ரூமைத் திறக்கக் கதவை என் பக்கம் இழுத்தேன். இழுத்த கை அப்படியே நின்றது. அங்கே எல்லாக் கதவும் வெளியேதான் திறக்கும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் முட்டினாலே வழி கிடைக்க வேண்டும். தினமும் இழுத்த கதவு, வீட்டில் எனக்குத் தோன்றவே இல்லை.

அறுத்த கீழ்ப்பாதியை அடைத்து, குளியலறைக் கதவை வெளியே திறக்கிற மாதிரி மாட்ட ஆசாரியைக் கூப்பிட்டேன். அவருக்கு மனசே இல்லை.

"கதவு உள்ளாக்கத் தொறந்தாத்தான்க்கா லட்சுமி வருவா."

"நான் குளிக்கையில அவ எதுக்குய்யா வாரா?" என்று கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். வாய் கோணியிருந்தாலும் சொல் புரிந்தது. விழுந்த பிறகு அவர் பேசிய முதல் கேலி அது.

"வெளியே தொறக்க இதென்ன மருந்து ரூமா?" என்றார் ஆசாரி, சிரித்துக்கொண்டே.

"மருந்து திங்கிறவரு ரூமு" என்றேன்.

கீலை வெளிப்பக்கம் மாற்றினார். உள் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் முதலில் அந்தக் கதவைப் பாருங்கள். மருந்துச் சீட்டில் அது இருக்காது.

முதல் நாள் கதவை ஒட்டியே நின்றேன். அவர் தள்ளியதும் கதவு என் நெற்றியில் இடித்தது.

"தள்ளி நில்லு புள்ள."

இப்போது எதிர்ச் சுவரோரம் நிற்கிறேன். ஒரு மக் தண்ணீர் விழும் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில்தான் என் பொழுது கிடக்கிறது. சத்தம் நின்றால், கழன்றுவிட்டதோ என்று என் இடது கால் தானாகவே செருப்பைத் தேடுகிறது.