எங்கள் கிணற்றுக்கு வந்த அம்மை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று மனிதர்களை வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள், மாடுகளை வைத்துத்தான் போடுவார்கள். எங்கள் வீட்டில் உழவு மாடுகள் நான்கு, கறவை ஒன்று. அவை குடித்து மிஞ்சியதில்தான் நாங்கள் சமைத்தோம், குளித்தோம். கோடை முற்றிவிட்டால் குளிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். முகம் கழுவிய தண்ணீரும் முருங்கைக்குப் போகும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை ஏமாற்றிவிட்டது. தெருவில் மற்ற கிணறுகளெல்லாம் வறண்டு எங்கள் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. விடிந்ததும் பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். அவருக்கு அந்தப் பெயரும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்.

ஒருநாள் வாளி தரை தட்டிச் சேறு வந்தது. அன்று மத்தியானம் அப்பா ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து வாசல் நிலையில் செருகினார்.

"ஆராச்சும் கேட்டா, புள்ளைக்கு மாரியாத்தா வந்திருக்கான்னு சொல்லு" என்றார் அம்மாவிடம்.

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியார் கால் வைக்க மாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு செம்பு தண்ணீர்கூட வெளியே போகாது. யாரோடும் சண்டையில்லை, பெயரும் கெடவில்லை. என் அப்பாவின் மூளையே மூளை!

அம்மா நடுங்கிப்போனாள். "ஏனுங்க, அவ பேரச் சொல்லிப் பொய் சொல்றதுங்களா? நெசமாலுமே வந்துட்டா என்ன பண்றதுங்க? நமக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுங்க."

"மாடு செத்துப்போனா ஆரு உழுவறது? நீ உழுவறயா?"

அதோடு பேச்சு முடிந்தது. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லாமல் நான் உள்ளறையில் கிடந்தேன். பசி வேறு நன்றாக எடுத்தது. தினமும் காலையில் அம்மா விளக்கைக் கொண்டுவந்து என் கழுத்தையும் முதுகையும் பார்ப்பாள், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் கொசு கடித்த தடிப்பைக் கண்டு அழுதேவிட்டாள். அதைப் பார்த்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாமேல் அன்று வந்த கோபம் இன்றும் எனக்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் ஊறியது, மாடுகள் வயிறு நிறையக் குடித்தன.

தெருப் பெண்கள் வெயிலில் நெடுந்தூரம் நடந்து, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி எங்கள் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். மூன்று சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள் அவள்.

"ஏனுங்கக்கா, புள்ள எப்படி இருக்குதுங்க?"

"இருக்குது" என்றாள் அம்மா உள்ளிருந்தே.

"கவலப்படாதீங்க. ஆத்துல இருந்து தண்ணி கொண்டாரப்ப நாங்க அத்தன பேரும் ஆளுக்கொரு செம்பு ஆத்தா கோயில்ல ஊத்திப்போட்டுத்தானுங்க ஊட்டுக்கு வாறோம். அவ குளுந்துருவாங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

அம்மா, அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பை மூட்டி வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் காய்ச்சினாள். தெருவே பார்க்கும்படி என்னை முன்வாசலில் உட்காரவைத்துத் தலையில் ஊற்றினாள். அம்மை இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தொழுவத்திலிருந்து வேகமாக வந்த அப்பா, தெருவில் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். நிலையில் இருந்த கொத்தை அம்மாவே உருவி எறிந்தாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, என் முகத்தை இரு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு வடுக்கூட இல்லீங்கக்கா! ஆத்தா நம்ம சொல்லுக்குக் காது குடுத்துட்டாளுங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா அவளுடைய குடத்தை எடுத்துக்கொண்டுபோய்த் தானே தண்ணீர் சேந்தி நிறைத்தாள். தூக்கி அவள் இடுப்பில் வைத்தும் விட்டாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க மட்டும் அம்மாவால் முடியவில்லை.