ஏழாம் நிமிடமும் ஒன்பதாம் நிமிடமும்

தராசக்கா ஒரு குத்து விட்டால் வாங்கினவனின் பல் மூன்று தெரு தள்ளி விழும். சரி, இது கொஞ்சம் கூடத்தான்; மூன்று மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் என்னவோ ஈர்க்குச்சி. ரத்தத்தில் கரைந்து கிடக்கும் பொருள்களைக் கருவியில் எடைபோட்டு, உடைத்து, இன்னது என்று பெயர் சொல்வது ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவளுடைய இருபது வருஷ வேலை. கணினி தன் பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு பெயரை நீட்டும். அவள் நம்ப மாட்டாள். "அது சொல்றது வெறும் சாடை. அந்தச் சரக்கோட சுத்தமான அசலையும் கருவியில ஓட்டிப் பாக்காம வாயைத் திறக்காதே" என்பாள்.

அன்று ஆய்வகத்தில் அவளோடு வேலைபார்க்கும் கூட்டாளி வாயைத் திறந்துவிட்டான். இறந்துபோன ஒருவனின் ரத்தம். பட்டியலில் முதல் பெயர் பூச்சிமருந்து. வாசலில் நின்ற, இறந்தவனின் தம்பிக்காரனிடம் அதை உளறிவிட்டான்.

தம்பிக்காரன் அண்ணியின் கூந்தலைப் பற்றித் தரதரவென்று உள்ளே இழுத்து வந்தான். "இவ மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க! இங்கயே கொன்னு போடறேன்!" மேசை விளிம்பில் மோதி அவள் நெற்றி பிளந்தது. தராசக்கா அவளைப் பிடுங்கி மருந்துக் கிடங்குக்குள் தள்ளித் தாழிட்டு, கதவில் முதுகை வைத்து நின்றாள்.

அவன் வாயு உருளை திருகும் ஸ்பேனரை எடுத்தான். "தள்ளுடி கெழவி!"

"கெழவியா? நாப்பத்தொம்பதுதான்டா!"

ஸ்பேனர் இறங்கியது. தராசக்காவின் இடது மணிக்கட்டு மளுக்கென்றது. அவள் வலக்கை அவன் வாயில் இறங்கியது. பல் பறந்தது அப்போதுதான். ஓடி வந்த காவலாளி அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தள்ளுமுள்ளில் உடைந்த குப்பிகளின் கண்ணாடிச் சில்லெல்லாம் ரத்தம்.

ஒற்றைக் கையால் அசல் பூச்சிமருந்தைக் கருவியில் ஓட்டினாள் தராசக்கா. கருவியின் குழாயைக் கடந்து அது ஏழாம் நிமிடத்தில் வெளியே வந்தது. இறந்தவன் ரத்தத்திலிருந்ததோ ஒன்பதில். அவன் சாப்பிட்டுவந்த தலைவலி மாத்திரையை ஈரல் என்னவாக மாற்றுமோ, அதன் அசலையும் ஓட்டினாள். ஒன்பது.

"எடை ஒண்ணு, உடையிறதும் ஒரே மாதிரி. ஆனா சரக்கு வேற. இது மாத்திரைடா, பூச்சிமருந்து இல்ல. எதனால செத்தார்னு டாக்டர் சொல்லுவாரு. உங்கண்ணி விஷம் வைக்கல."

உடனே அவன் அண்ணியின் காலில் விழுந்து கதறினான்.

"எங்க விழுந்தான்?" என்கிறார் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் காவலாளி. "ரத்தத்தைக் காறித் துப்பிட்டு, 'வீட்டுக்கு வாடி, பாத்துக்கறேன்'னான். அந்தம்மா போகல. போலீஸ் வர்ற வரைக்கும் தாழ்ப்பாளத் தெறக்க வேணாம்னு கிடங்குக்குள்ளேருந்தே சொல்லிடுச்சு."