ஒரு வாய் உறிஞ்சித் துப்புதல்

இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் அவர். தொப்பையும் நரைத்த மீசையுமாக, வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு வாயாக உறிஞ்சி, ருசி பார்த்ததும் வாளியில் துப்புவார். ஒரு கோப்பையையும் குடித்து முடித்ததில்லை. இணையக் கட்டுரைகளின் இணைப்புகளைச் சேமித்துப் பகிரும் தளங்களையும் அதே முகத்தோடுதான் ஒப்பிட்டார்.

"இதுல தேடுறது சுகம்ங்க. அதுல விளம்பரத் தொல்லை. மூணாவதுல போட்டா ஊரே பார்க்கும்."

மூன்றிலும் நான் எழுதிய கட்டுரை இருந்தது. பக்கத்தில் 'அருமை' என்று குறித்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எந்த இடம் பிடிச்சதுங்க?"

"இன்னும் வாசிக்கலைங்களே."

"அப்புறம் ஏங்க அருமைன்னு போட்டீங்க?"

"எல்லாத்துக்கும் அதான் போடுறது. ஒவ்வொண்ணா உக்காந்து வாசிச்சா, அடுத்ததைச் சேர்க்க நேரம் ஏதுங்க?"

எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். வாங்கி, கோபத்தில் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முழுங்கிட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து என் கட்டுரையை நானே வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கொரு சந்தேகம்: வாசிக்கவில்லை என்று அந்த மனிதர் சொன்னது மரியாதைக்காகவோ? ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத்தான் துப்பியிருப்பாரோ?