எட்டுக் கண்களும் ஒரு பைனாகுலரும்

என் கணவரும் நானும் கிட்டப்பார்வைக்காரர்கள். மயிலாப்பூரில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். அவரும் தன்னுடையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாராம். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாமலே இருவரும் பூரண சம்மதம் தெரிவித்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குடிபோனோம். ஆற்றோரம் எப்போதும் பறவைகள். எங்களுக்கு அவை வெறும் புள்ளிகள்.

"ஒரு பைனாகுலர் வாங்கிடலாம்டி" என்றார்.

மவுண்ட் ரோடை ஒட்டிய சந்தில் ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பட்டாளத்துக்காரர் யாரோ விற்றது. நல்ல கனம், கண் வைக்கும் இடத்தில் கிண்ணம் போல ஆழமான கறுப்பு விளிம்பு. மற்றது, நாடகம் பார்க்கப் போகும் துரைசானிகள் வைத்துக்கொள்ளும் சின்னது; விளிம்பு தட்டை.

பெரியதில் பார்த்தேன். விளிம்பு என் கண்ணாடியில் டக்கென்று இடித்தது. உலகம் காலணா அளவு வட்டமாகச் சுருங்கிவிட்டது. சின்னதோ கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்தது. எதிர்ச் சாரி முழுக்கத் தெரிந்தது.

"பெரிசுல கண்ணாடியோட பார்த்தா ஒண்ணுமே தெரியலையே" என்றேன்.

"இன்னாம்மா இப்டி சொல்றீங்க? கண்ணாடி மேல கண்ணாடி, டபுள் பவர்! இல்லாங்காட்டி கண்ணாடிய கழட்டிட்டு இந்தச் சக்கரத்தைத் திருப்புங்க. எல்லாம் உள்ளயே கீது" என்றார் கடைக்காரர்.

"சின்னது பொம்மை மாதிரின்னா இருக்கு" என்றார் இவர். பட்டாளத்துப் பைனாகுலர் எங்களோடு வந்தது.

சக்கரம் கிட்டப்பார்வையைச் சரிக்கட்டியது வாஸ்தவம். ஆனால் அவர் கண்ணில், நேர்க்கோட்டையும் கலங்கலாகக் காட்டும் கோணல் பார்வையும் உண்டு. அதை எந்தச் சக்கரமும் நிமிர்த்தாது. தவிர, கண்ணாடியைக் கழற்றினால் பறவை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. கண்ணாடிக் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு "ம்தோ, ம்ங்கே" என்பார். நான் வாங்கி, என் கண்ணுக்குச் சக்கரத்தைத் திருப்புவதற்குள் பறவை போய்விடும். பிறகு, "என் அளவை ஏண்டி கலைச்சே?" என்று சண்டை.

ஒரு நாள் கத்தினார்: "அக்கரையில கொக்குக் கூட்டம்! வரிசையா நிக்கறது. அசையவே இல்லை, தவம் பண்றாப்ல!"

எனக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவர் ஆபீஸில் போய்ப் பெருமையடித்ததில், கொக்கு பார்க்க இரண்டு சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடாகிவிட்டது. வருகிறவர்கள் சண்டையையா பார்ப்பது? முதல் நாளே நான் கடைக்குப் போய்ப் பெரியதைக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கி வந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போனோம். கண்ணாடியைக் கழற்றாமலே சின்னதை வைத்து அக்கரையைப் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது. அவர் காதோரம் போனேன்.

"ஏன்னா, உங்க கொக்கை ஒருத்தர் மடிச்சுண்டிருக்கார்."

"என்னடி உளர்றே?"

"நீங்களே பாருங்கோ. மிச்சக் கொக்கெல்லாம் கழுதை மேல ஏறியாச்சு."

வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். காது சிவந்தது. பிறகு சிநேகிதர்கள் பக்கம் திரும்பி, கம்பீரமாக, "எல்லாம் இப்பத்தான் கிளம்பித்து" என்றார்.

வந்தவர்களில் ஒருவருக்குக் கழுகுக் கண். வெறும் கண்ணாலேயே பார்த்துவிட்டு, "ஓய், அது சலவை வேஷ்டி ஓய்!" என்று மணலில் உட்கார்ந்து சிரித்தார். கடைசியில் இவரும் சிரித்துவிட்டார். ஆபீஸில் கொஞ்ச நாள் இவருக்குக் கொக்கு என்றே பெயர்.

அவர்கள் போனபின், சமாதானமாக எதையாவது பார்ப்போம் என்று கிட்டத்து நாணல் பக்கம் திருப்பினார். அங்கே நிஜமான கொக்கு ஒன்று மீனைக் கொத்தியது; அது தொண்டையில் இறங்குவது வரைக்கும் தெரிந்ததாம். "அடேயப்பா, அடேயப்பா" என்றார். நானும் பார்க்கிறேன் என்று எத்தனையோ கேட்டேன். இருட்டும்வரை பைனாகுலரை அவர் என் கையில் தரவே இல்லை.